பூட்டிய கடைக்குள் தேவசகாயம் அண்ணன்

சனிக்கிழமை சாயங்காலம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் எங்கள் ஊர் லாங் பஜாரை அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சேதி வந்தது. தேவசகாயம் அண்ணன் இறந்துவிட்டார். விரித்துக் காட்டிக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்துவிட்டேன். அதைக் கவனித்த எங்கள் கடைக் கணக்கர், "போனவரு போய்ட்டாரு, நிக்கிற கிராக்கியப் பாரு" என்றார். இதே கடையில் எத்தனையோ ஆடிகளை நின்றே கழித்த மனிதருக்குக் கடை காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தள்ளுபடி என்றால் ஜனங்களுக்குச் சந்தோஷம். விலையில் விட்டதை முதலாளி எங்கள் காலில் வசூலித்தார். விடிந்ததும் பலகைக் கதவை எடுத்தால், பஜார் அடங்கிய பிறகுதான் திரும்ப வைப்போம். உட்கார ஒரு முக்காலி கிடையாது. ஆள் உட்கார்ந்திருந்தால் கடையில் வியாபாரம் இல்லை என்று ஜனங்கள் நினைப்பார்களாம். வாங்கிய சம்பளத்தில், நாங்களே கூவி விற்ற மட்டத் துணியைக்கூட யோசித்துத்தான் வாங்கினோம்.

நின்று நின்று அண்ணனுடைய இடது காலில் நரம்பு முறுக்கிக்கொண்டு புண் வைத்தது. வாரத்தில் ஒரு நாளாவது காலை உயர்த்தி வைத்துப் படுக்காவிட்டால் காலே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்குச் சட்டப்படி ஞாயிறு விடுமுறை. ஆனால் முதலாளி எங்களை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவார். அந்தப் புழுக்கத்தில் துணி மடித்து, தள்ளுபடிச் சீட்டு ஒட்ட வேண்டும். பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது.

அண்ணன் போய்க் கேட்டார். "ஞாயித்துக்கிழம மட்டும் உட்டுருங்க மொதலாளி. கால் போய்டும்."

"நீ நம்ம வீட்டுப் புள்ள மாதிரி தேவசகாயம். வீட்டு வேலைக்கு லீவு உண்டா?" என்றார் முதலாளி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "உள்ள ஒரு ஈ காக்கா இல்ல சார், பூட்டப் பாருங்க" என்று, சேதி கேட்டு வாசலுக்கு ஓடிவந்த முதலாளி சொல்வது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. நாங்கள் ஆடாமல் அசையாமல் நின்றோம். அப்போது அண்ணன், தெருவில் போகிறவர்களைக் கடைக்குள் இழுக்கும் தன் வியாபாரக் குரலை எடுத்தார்.

"வாங்க சார், வாங்க. உள்ள வந்து பாருங்க. இன்னா வோணும்? ஆடித் தள்ளுபடி, வெல ரொம்பக் கம்மி."

வெளியே பேச்சு நின்றது. பிறகு பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் எங்கள் கடைக்கு மட்டுமல்ல, அந்த வரிசைக் கடைகள் அத்தனைக்கும் ஞாயிறு உண்மையிலேயே விடுமுறை ஆயிற்று. அண்ணனை மட்டும் மறுமாதமே வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் நொண்டி நடப்பது கிராக்கிகளுக்குப் பிடிக்கவில்லையாம். காலைக் கெடுத்ததும் இவர்கள், கெட்ட கால் வேண்டாம் என்று தள்ளியதும் இவர்கள். இதைச் சொல்ல அவர்களுக்கு நாக்கு கூசவில்லை.

பிறகு அண்ணன் ஊர்க் கோட்டைப் பக்கம் சாக்கு விரித்துத் துண்டுத் துணி விற்றார். ஒரு நாள் போய்ப் பார்த்து, "கஷ்டமா இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னாடா கஷ்டம்? ஒக்காந்து யாவாரம் பண்றேன். உங்க மொதலாளியும் ஒக்காந்துதான் பண்றாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கால் அதற்குள் கறுத்துப்போயிருந்தது. கடைசியில் அந்தப் புண்தான் அவரைக் கொண்டுபோனது.

சேதி வந்ததற்கு மறுநாள் அடக்கம். முதலாளி பெரிய மாலை அனுப்பியிருந்தார். அதில் 'விசுவாசமான ஊழியர்' என்று எழுதிய அட்டை தொங்கியது. அட்டையை மட்டும் பிய்த்துக் கிழித்துப் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, மளிகைக் கடை என்று பஜாரில் நிற்கிற ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டம் கொள்ளவில்லை. வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் எங்களில் ஒருவரையும் அனுப்பியிருக்க மாட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கிழமையும் இந்தக் கோபமும்தான். இரண்டையும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.