மாற்றிச் சொருகிய வயர்

எசென்கான் ஒலிபெருக்கிக்குப் பெட்டி செய்ய மாட்டார். வெறும் பலகைதான். மார்பு உயரத்துக்கு இரண்டு பலகை, நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை, அதில் மூடிப்போன சினிமா கொட்டகையிலிருந்து கழற்றி வந்த ஸ்பீக்கர். முதுகுப் பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். முன்னால் பாடுவது பின்னாலும் பாடும். அந்தப் பின்பாட்டை வருஷக்கணக்கில் ஓசியில் கேட்ட புண்ணியவதி நான். பிஷ்கெக்கில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் அவருக்கு அடுத்த வீடு என்னுடையது.

"ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடித் தொலைச்சா என்ன தம்பி? நானும் மனுஷிதானே?" என்று கேட்டிருக்கிறேன்.

"மூடினா பெட்டிதான் அக்கா பாடும். கோமுஸ் பாடாது" என்பார்.

அந்த மூன்று தந்தி கோமுஸைத்தான் அவர் மனைவி புரூல்சா இசைப்பள்ளியில் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தாள். இவரோ தொழிற்சாலையில் இரும்பு அடிக்கும் இயந்திரத்தோடு நின்று பாதிக் காதைத் தொலைத்தவர். அதனால் அறுப்பது இவர், கேட்டுச் சொல்வது அவள். "என் காது அவகிட்ட இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார்.

புதுப் பலகை முடிந்ததும் ஒரு பரீட்சை நடக்கும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சொருகுவார். அப்போது ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், அடித்தொண்டைச் சத்தமெல்லாம் காணாமல் போய்விடும். மாற்றினாரா இல்லையா என்று சொல்லாமல் பலகைக்குப் பின்னால் நிற்பார். அவள் நாற்காலியில் இருந்தபடியே "சரி" என்பாள், அல்லது "தப்பு" என்பாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எனக்கு இதெல்லாம் வேலையத்த வேலை என்றுதான் தோன்றும்.

போன இலையுதிர் காலத்தில் புரூல்சாவின் பேச்சு ஒரு மாதிரி ஆயிற்று. டீ வேணுமா என்று கேட்டால் வியாழக்கிழமை என்பாள். ஒருநாள் சமையலறையில் அவள் முதுகுக்குப் பின்னால் பாத்திர மூடியைக் கீழே போட்டேன். வேண்டுமென்றுதான் போட்டேன். அவள் திரும்பவேயில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி, "எத்தனை நாளா?" என்றேன். என் உதட்டைப் பார்த்துவிட்டு அழுதாள்.

"நரம்பு போயிடுச்சாம் அக்கா. டாக்டர் கையை விரிச்சுட்டார். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அடிப் பாவி, பரீட்சையில எல்லாம் சரியா சொல்றியே?"

"மாத்திச் சொருகினா அவருக்கு இடது புருவம் ஏறும். அவருக்கே தெரியாது. தொழிற்சாலையை மூடினப்புறம் மூணு வருஷம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார், பார்த்தீங்கல்ல? ரம்பத்தைத் தொட்டப்புறம்தான் எழுந்தார். எனக்குக் காது இல்லேன்னு தெரிஞ்சா யாருக்குன்னு அறுப்பார்? மறுபடி அந்தச் சுவருக்கே போயிடுவார்."

சொல்ல மாட்டேன் என்று ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

மார்ச் மாதம் அக்ரூட் மரத்தில் புதுப் பலகைகள் செய்து முடித்தார். என்னையும் கூப்பிட்டார். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு, போர்சோக், ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம் நான், எழுந்து டீ ஊற்ற ஆரம்பித்தேன். அவர் வயரை மாற்றியிருக்கிறார். பஞ்சடைத்த என் காதுக்கே தெரிந்தது, பாட்டில் உயிர் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பெருத்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் முகத்துக்கும் அவள் கண்ணுக்கும் நடுவில் நிற்கிறேன். பதறி நகர்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"சரி" என்றாள் சத்தமாக. "இதுவரைக்கும் செஞ்சதுல இதுதான் நல்லாயிருக்கு."

எசென்கான் பாட்டை நிறுத்தினார். அவள் கிண்ணத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தாள். "புரூல்சா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்து, நின்றுபோன பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சிரித்தார். "சரிதான்" என்று அவள் பார்க்கும்படி வாயை நன்றாகத் திறந்து சொன்னார். நான் போர்சோக் தட்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். எத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டேன் தெரியுமா? குறுக்கே போய் நின்ற பாவி நான்தானே.

அடுத்த வாரம் பால்கனிப் பக்கம் ரம்பச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அடுத்த ஜோடிக்கு இன்னொரு பலகை அறுத்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, மரத்தூள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஏன் தம்பி இது? இனிமே யார் கேக்கறதுக்கு?" என்றேன்.

அவர் உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பழக்க தோஷம், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"நான் நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும் அக்கா."