பால் ஸ்டோரில் நடந்த தேர்வு

எண்பதுகளின் நடுவில், ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் எனக்கு வேலை. மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைக்க வேண்டும். அந்த வேலையோடு வேலையாக, பல்கலைக்கழகத்தில் தபால்வழியில் வேதியியலும் படித்துக்கொண்டிருந்தேன். செய்முறைத் தேர்வுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். முந்தின வருஷம் அதில் கோட்டை விட்டிருந்தேன். இந்தத் தடவையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். மூன்றாவது வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

தேர்வு வாரம் பார்த்துத்தானா ஆறு பொங்கி ரோட்டை மூழ்கடிக்க வேண்டும்! வானத்தை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, தோட்டத்து ஆபீஸிலிருந்து எங்கள் விரிவுரையாளருக்குப் போன் போட்டேன். நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாவை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"டாக்டர், ரோடு அடைச்சுப் போச்சு. வர முடியாது. என் கதை முடிஞ்சிருச்சுலா."

"பொலம்பி முடிச்சாச்சா? உங்க ஸ்டோர்ல மேசை இருக்கா? கொழாய்ல நல்ல தண்ணி வருதா?"

"இருக்கு, வருது. ஏன் டாக்டர்?"

"நாளான்னிக்கு நான் வர்றேன். பரீட்சைய அங்கயே வச்சுக்கலாம். டிபார்ட்மென்ட்ல நான் பேசிக்கிறேன்."

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வெள்ளம் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, தோட்டத்து டிராக்டரின் பின்பெட்டியில் உட்கார்ந்து வந்தேவிட்டார். முழங்கால் வரை சேறு. மடியில் ஒரு மரப்பெட்டி.

டிராக்டர் ஓட்டிவந்தவர் எங்களை வேலை வாங்கும் மண்டோர். அவர் சிரித்தார். "நான் புடிச்சுக்கிறேன்னாலும் குடுக்கலப்பா. பச்சப் புள்ளய வச்சிருக்க மாதிரி வச்சிருக்காங்க."

பெட்டியில் துண்டுகளால் சுற்றிய கண்ணாடிச் சாமான்கள். கோடு போட்ட நீளக் குழாய் வந்திருந்தது, அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கி வரவில்லை. டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் குழாயைச் சன்னல் கம்பியோடு கட்டினார். நிறம் தெரிவதற்கு மண்டோரின் வெள்ளைப் பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் குடுவையை வைத்தார். ஆய்வுக்கூடம் தயார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

குடுவையில் இருக்கும் அமிலத்தில், குழாயிலிருக்கும் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு லேசாகத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அந்த நிறம் அரை நிமிஷம் நிற்க வேண்டும். மூன்று தடவை பயிற்சி, நான்காவதுதான் தேர்வு. அவ்வளவுக்குத்தான் மருந்து கொண்டுவந்திருந்தார்.

மூன்று தடவையும் கல்யாண வீட்டு ரோஸ் சிராப் தண்ணீர் போலச் செக்கச்செவேலென்று ஆக்கிவிட்டேன். எனக்கு வந்த எரிச்சலில் குடுவையைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "கை நடுங்கல, கண்ணும் நல்லாத்தான் இருக்கு. அப்பறம் ஏன் ஒவ்வொரு வாட்டியும் கூடிப் போவுது? நீங்க தொட்டியில ஆசிட் எப்படி ஊத்துவீங்க? ஊத்திக் காட்டுங்க."

வெறும் டின்னை வைத்துக்கொண்டு காட்டினேன். "மழ நாள்ல பால் தண்ணியா இருக்கும் டாக்டர். காலையில உறையாமக் கெடந்தா கணக்கு எழுதுற கிராணி கத்துவாரு. அதனால அளவுக்கு மேல கொஞ்சம் சேத்தே ஊத்திருவோம்."

மேசையைத் தட்டிச் சிரித்தார். "அதானே பாத்தேன்! ஒங்க கை பயந்து ஊத்துது. இங்க கத்துறதுக்குக் கிராணி இல்ல. பத்தலன்னா இன்னொரு சொட்டு விடலாம், கூடிட்டா எடுக்க முடியாது. நிதானமா விடுங்க."

எத்தனை வருஷமாக ஊற்றுகிறேன், எனக்கே தெரியாத என் கையை அவர் பத்தே நிமிஷத்தில் படித்துவிட்டார்.

நான்காவது தடவை. கடைசிச் சொட்டு விழுந்ததும் லேசான இளஞ்சிவப்பு. நிறுத்தினேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து விநாடிகூட ஆகியிருக்காது, நிறம் மறைந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. புட்டியில் மருந்தும் இல்லை.

டாக்டர் மூக்கை உறிஞ்சியபடி மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். அங்கே மூடாமல் கிடந்த ஆசிட் ஜாடி. "இந்த ஆவி குடுவைல எறங்குனா நெறம் எங்கேருந்து நிக்கும்?" என்றார். அந்த வாடை எனக்குப் பழகிப்போனது, உறைக்கவே இல்லை.

அதைத் திறந்துபோட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. தேர்வுத் தாளை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பினார். 'மாணவர் சரியான இடத்தில் நிறுத்தினார். நிறம் மறைந்ததற்கு, பொருத்தமில்லாத இடத்தில் தேர்வை வைத்த நானே பொறுப்பு.' கீழே கையெழுத்து.

எங்கள் தோட்டத்தில் பால் கெட்டால் பழி மேலேயிருந்து கீழேதான் இறங்கும். துரை கிராணியைச் சொல்வார், கிராணி மண்டோரைச் சொல்வார், மண்டோர் எங்களைச் சொல்வார். மேலே இருக்கிற ஒருவர் தப்பு என்னுடையது என்று மையால் எழுதி நான் பார்த்ததே இல்லை. அதுவும் என் தப்பை.

"டாக்டர், அந்தப் பேனாவக் குடுங்க" என்றேன்.

அவருடைய கையெழுத்துக்குக் கீழே, 'ஜாடியை மூடாமல் விட்டது நான்' என்று எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். பெயரை அடித்தால் அடிக்கட்டும்.

வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத எழுதணும்னு அவசியமில்லையே."

"தெரியும் டாக்டர்."

தாளை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். இரண்டு கையெழுத்தோடுதான் அது பல்கலைக்கழகத்துக்குப் போனது. நான் பாஸானேன்.