பூதங்களுக்குக் கண் வைத்தவள்

எங்கள் வீட்டில் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தால், குடிப்பதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஹட்டனின் மங்கிய காலை வெளிச்சத்தில் தேநீரும் பிரஷ் கழுவிய தண்ணீரும் ஒரே நிறமாகத்தான் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் நான் ஒரு வாய் குடித்தேவிட்டேன். என் நாத்தனார் தர்ஷினி ஓடிவந்து கோப்பையை வாங்கினாள். "அது பூதத் தண்ணிங்க அண்ணி," என்றாள். நான் வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். வாயில் இருந்த கசப்பு அன்றே போய்விட்டது. அந்தப் பார்வை போகவில்லை.

திருச்சி உறையூரில் பிறந்து வளர்ந்தவள் நான். இலங்கை மலையகத்துக் கடைவீதிக் குடும்பங்கள் சில இன்னமும் நம் பக்கம் வந்து பெண் எடுக்கின்றன. அப்படித்தான் ஹட்டன் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சிவாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கீழே கடை, மேலே வீடு. ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் தேயிலை மலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கேட்பார்கள். மலை இருக்கிறது, குளிர் இருக்கிறது, துவைத்த துணி காய மூன்று நாள் ஆகிறது என்று நானும் சொல்வேன். சாப்பாட்டு மேசையில் நிற்கும் பூதங்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எப்படி விளக்கியிருப்பேன் என்று தெரியவில்லை.

காப்ளின் என்று அவற்றுக்கு ஆங்கிலத்தில் பெயர். நீள மூக்கும் கூர்க்காதும் கொண்ட, கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பூதங்கள். கையில் ஈட்டியோ வில்லோ இருக்கும். இவற்றைப் படையாகத் திரட்டி, பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் அளந்து மேசைமேல் போர் நடத்துகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஓர் உறவினர் அனுப்பிய பெட்டியில் ஆரம்பித்தது என்றார்கள். அப்போது சிவா பள்ளிக்கூடத்தில் இருந்தார், தர்ஷினி பல் விழுந்த சின்னப் பிள்ளை. விளையாடுவதைவிட வர்ணம் அடிப்பதில்தான் இருவருக்கும் ஆசை. ஒன்றை முடித்து அடுத்ததை எடுக்கமாட்டார்கள். ஒரு படையின் முப்பது பூதங்களையும் மருந்துப் பாட்டில் மூடிகளில் ஒட்டி வரிசையாக நிறுத்தி, முதலில் எல்லாவற்றுக்கும் பச்சைத் தோல். அது காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் சட்டை. பிறகு தோல்வார், ஈட்டி முனை. பிறகு 'வாஷ்' என்று தண்ணீராய்க் கரைத்த கறுப்பு. அது மடிப்புகளில் இறங்கி நிழலாகத் தங்கும். கடைசியில் கண்.

வரிசையாக நிறுத்துவதை அவர்கள் பெரட்டு என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்கு இங்கே அந்தப் பெயர். "பெரட்டு கலைஞ்சிருச்சா?" என்று சிவா கடையிலிருந்து வந்ததும் கேட்பார். "இல்லண்ணே, ரெண்டு ஆள் கொறையுது," என்பாள் தர்ஷினி. நான் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் யாரோ சாப்பாட்டுக்கு வரும் வேலைக்காரர்களைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, இரண்டு பேருக்குப் புட்டைக் குறைத்துவிட்டேன்.

இன்னொரு கதையும் உண்டு. பக்கத்து டிக்கோயாவில் வேலை பார்க்கும் ருவன் என்ற சிங்கள டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட வருவார். அவரோடு போனில் சிங்களத்தில் பேசும்போது சிவா "ஹரி, ஹரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சிங்களவர்களுக்கும் பெருமாள் மேல் இவ்வளவு பக்தியா என்று எனக்கு ஆச்சரியம். ஒரு ஞாயிறு, வாசலுக்கு வந்த ருவனைப் பார்த்து நானும் மரியாதையாகக் கைகூப்பி, "ஹரி, ஹரி," என்றேன். அவர் குழம்பிப்போய், "ஹரி," என்று திரும்பிச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சரி, சரி என்று அர்த்தமாம். தர்ஷினிதான் பிறகு சொன்னாள். கேலி செய்யாமல், மெதுவாக, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அதுதான் கஷ்டம். அவள் நல்லவள். பஸ்ஸில் எனக்குச் சீட்டு பிடிப்பாள், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரும் வழியில் எனக்குப் பிடிக்கும் என்று முறுக்கு வாங்கிவருவாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர்கள் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பேசாமலே பூதங்களை நகர்த்திக் கொடுத்து வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். சிவா கையை நீட்டினால் எந்தப் பிரஷ் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தால், ரசம் வேண்டுமா மோர் வேண்டுமா என்றுகூடத் தெரியாது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "தங்கச்சி கூடத்தானேடி உக்காந்திருக்காரு, அதுல என்ன?" என்றாள். அதற்குமேல் இதை எந்த வாயால் சொல்வது?

ஒருநாள் நானும் அடிக்கிறேன் என்று கேட்டேன். சிவாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். நாற்காலி இழுத்துப் போட்டார். பூதங்கள் நிற்கிற வட்டத்தட்டுக்குப் பழுப்பு நிறம் அடிக்கும் வேலை கிடைத்தது. யார் அடித்தாலும் ஒன்றுபோல் இருக்கும் வேலை அது. முப்பதும் முடித்து, பெருமையாகத்தான் தூங்கப் போனேன். காலையில் எழுந்து வந்தால், ஜன்னல் பக்கம் தர்ஷினி உட்கார்ந்து என் தட்டுகளின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன தப்பாயிருச்சு?" என்றேன்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லங்க அண்ணி. ஓரத்துல கொஞ்சம் வழிஞ்சிருந்துச்சு, அதான்."

"சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பேன்ல?"

அவள் பிரஷைத் தண்ணீரில் முக்கினாள். காது சிவந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

கண் வைப்பது தர்ஷினியின் வேலை. அது அவள் மட்டும் செய்வது. மூச்சை அடக்கி, முழங்கையை மேசையில் ஊன்றி, ஒற்றை மயிர் போன்ற பிரஷால் மஞ்சள் வைத்து, அதன் நடுவே கறுப்புப் புள்ளி வைப்பாள். அதுவரை பச்சைப் பிளாஸ்டிக்காக இருந்தது, திடீரென்று நம்மை முறைக்கும். அவள் பூதங்களுக்குக் கண் வைத்தாள், நான் அவள்மேல் கண் வைத்தேன்.

பிறகு அந்தச் சம்பந்தம் வந்தது. எங்கள் கல்யாணத்தில் தர்ஷினியைப் பார்த்திருந்த ஒரு குடும்பம், உறையூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, முறைப்படி கேட்டு அனுப்பியது. நல்ல பையன், நல்ல இடம், ஜாதகமும் பொருந்தியது. வீட்டில் என்னைவிட அதிகமாக யாரும் சந்தோஷப்படவில்லை. கூறைச் சேலைக்கு நிறம் சொன்னவளும் நான்தான். திருச்சியில் கல்யாணம் முடிந்து, அவளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் திரும்பி வரும்போது, சிவா விமானத்தில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். இனி அந்த மேசையில் எனக்கு எதிரே யாரும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது தெரியுமா? இங்கே மேசையே காலியாகிவிட்டது. தோல், சட்டை, நிழல் எல்லாம் முடிந்து கண் மட்டும் இல்லாத முப்பது பூதங்கள் கண்ணாடி அலமாரிக்குள் போயின. ருவன் வந்தால் தேநீர் குடித்துப் பேசிவிட்டுப் போனார். அங்கேயோ, என் அம்மா போனில் தர்ஷினி புராணம் ஆரம்பித்தாள். தர்ஷினி காலையில் வந்தாள், தர்ஷினியோடு வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனேன், தர்ஷினி இடித்த தேங்காய்ச் சம்பல் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் தெரு, என் கோயில், என் அம்மா. மூன்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் இங்கே காலி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்த ஒரு மத்தியானம், சிவா கடையில் இருக்கும்போது ஒரு பூதத்தை எடுத்துக் கண் வைத்துப் பார்த்தேன். ஒரு கண் மூக்குக்கு வந்தது, மற்றது காதுக்குப் போனது. கட்டைவிரலால் துடைத்துவிட்டேன்.

நான் ஊருக்குப் போகும் தேதி முடிவானதும் சிவா அலமாரியைத் திறந்தார். பூதங்களைப் பஞ்சு சுற்றி, பெயிண்ட், பிரஷோடு டிபன் டப்பாவில் அடுக்கினார்.

"இதை தர்ஷினிகிட்ட குடுத்துரு. கண்ணு அவதான் வைக்கணும்."

"நான் வச்சா ஆகாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு வைக்கிறேன்னு நீ கேக்கவே இல்லையே மீனா," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நான் டப்பா மூடியை எடுத்துக் கொடுத்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் டப்பாவைத் திறந்த அதிகாரி, "என்னம்மா இது, ஏவல் சூனியமா?" என்றார். "விளையாட்டுச் சாமான்," என்றேன். வெளியே ஆட்டோக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "சிலோனுங்களா? உறையூருக்கு வழி தெரியுமா, நானே பாத்துப் போகட்டுமா?" என்றார். ஹட்டன் பஜாரில் என்னை இந்தியாக்காரம்மா என்கிறார்கள். அவருக்கு நான் வழி சொல்லவில்லை. சுற்றிக்கொண்டுதான் போனார்.

வீட்டில் தர்ஷினி எனக்கு முன்பே வந்திருந்தாள். நான் அடுக்களைப் பக்கம் எழுந்ததும் அம்மா, "நீ உக்காரும்மா, களைச்சு வந்திருக்கே. அவ காபி போடுவா," என்றாள். சர்க்கரை டப்பா அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தர்ஷினிக்குத் தெரிந்திருந்தது. அது நான் இருந்த காலத்தில் வேறு இடத்தில் இருந்தது. விருந்தாளிக்குக் கொடுக்கும் தம்ளரில் எனக்குக் காபி வந்தது.

டப்பாவைக் கொடுத்தேன். அவள் பஞ்சைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நிறுத்தினாள்.

"அண்ணன் இப்ப யார்கூட உக்காந்து அடிக்குது?" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

"யார்கூடயும் இல்ல. அடிக்கிறதே இல்ல."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து உடனே ஒளிந்துகொண்டது. எனக்கு அந்தச் சந்தோஷத்தை நன்றாகத் தெரியும். அவளை வழியனுப்பிய அன்று என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். அவளும் இத்தனை நாள் என்மேல் கண் வைத்திருக்கிறாள். அண்ணன் வீட்டு மேசையில் நான் உட்கார்ந்துவிட்டேனோ என்று பயந்திருக்கிறாள். கோபம் வரவேண்டும். வரவில்லை. "மின்விசிறியை நிறுத்தவா?" என்று கேட்டேன். காற்றில் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடும் என்று ஹட்டனில் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"நிறுத்துங்க அண்ணி. இங்க ரெண்டு புள்ளி வைக்கிறதுக்குள்ள கட்டியாயிருது. நம்ம வீட்டுல ஒரு நாள் ஆனாலும் ஈரம் போவாது."

நம்ம வீடு என்று அவள் சொன்னது ஹட்டனை. நாங்கள் உட்கார்ந்திருந்தது என் வீட்டில்.

நான்கு மத்தியானம் அந்த வெக்கையில் உட்கார்ந்தோம். அவள் எல்லாவற்றுக்கும் வலது கண்ணை முதலில் வைத்தாள், அதுதான் அவள் முறை. வியர்வை புருவத்தில் இறங்கும்போது நான் துண்டால் ஒற்றிவிட்டேன். மூச்சை எப்போது பிடிக்க வேண்டும், பிரஷை எப்படி விரலில் சாய்க்க வேண்டும், மஞ்சளில் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இந்தமுறை அவள் சொன்னாள். பழைய டூத் பிரஷின் கைப்பிடியில் என்னைப் புள்ளி வைத்துப் பழகச் சொன்னாள். தப்பானபோது தானே திருத்தாமல், "இன்னொண்ணு வைங்க," என்றாள். முப்பதாவது வலது கண் முடிந்தபோது அவள் மாமியார் வீட்டில் விசேஷம் என்று ஆள் வந்துவிட்டது. எனக்கு மறுநாள் காலை விமானம்.

"இடது கண்ணு?" என்றேன்.

அவள் கழுவிய பிரஷையே மறுபடியும் கழுவினாள். கொடுக்க மனமில்லை என்று எனக்குத் தெரிந்தது. "நீங்க வைங்க அண்ணி," என்றாள். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, "அவசரப்படாம வைங்க," என்றாள்.

ஹட்டன் வந்து சேர்ந்து, மூட்டம் விலகிய ஒரு காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சிவா எதிரே இருந்து ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்தார். நான் கேட்காமலே சின்னப் பிரஷைத் துடைத்து நீட்டினார். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நம்பாதீர்கள். அம்மா இப்போதும் போனில் அவள் பெயரைத்தான் முதலில் சொல்கிறாள், எனக்கு இப்போதும் சுருக்கென்கிறது. ஆனாலும் இடது கண்களை வைத்து முடித்தேன். மூக்குக்கும் போகவில்லை, காதுக்கும் போகவில்லை. தர்ஷினி வைத்ததுபோலவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ருவன் வருவதற்கு முன் சிவா அவற்றை மேசையில் வரிசையாக நிறுத்தினார். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவன் எந்தப் பக்கம் பாக்குறான்?" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். உறையூரில் வைத்த கண் அவர் முகத்தை நேராகப் பார்த்தது. ஹட்டனில் வைத்த கண் சற்று விலகி, ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.