கொழும்புக்கு ஒரு மணி நேரந்தான்

அம்மாவை மதுரையில கொழும்பு பிளேன் ஏத்திவிட வெள்ளனே மலை மேல பள்ளங்கியில இருந்து கெளம்புனோம். கொழும்புல பெரிய மாமாவுக்கு உடம்புக்கு முடியல.

மலை எறங்குற அன்னைக்கு அம்மா சாப்பிடாது, வாந்தி வரும். கையில நாலு எலுமிச்சம்பழம்.

"பிளேன்ல கொண்டை ஊசி வளைவெல்லாம் கெடையாதும்மா, ரெண்டு இட்லி சாப்பிடு."

கேக்கல.

பெருமாள்மலைகிட்ட டூரிஸ்ட் கார் நெரிசல்ல ரெண்டு மணி நேரமா பஸ் நகரல.

"மதுரையில இருந்து கொழும்புக்கு எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரந்தான்."

அம்மா பழத்தை மோந்துக்கிச்சு. "அங்க இருந்து கப்பலு, ரயிலுன்னு நாங்க இங்க வந்து சேர மூணு நாளாச்சு. அந்தத் தூரத்துலதான் அண்ணன் இருக்காருன்னு நாப்பது வருசமா போகாம இருந்துட்டேன்."

பஸ் இன்னும் அங்கயேதான் நிக்குது. பிளேன் கொஞ்சம் நிக்குமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.