ஜெனரலுக்குப் பிறகு நான்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் மாதா கோயிலுக்கு வந்த வயதான பாதர் தென் அமெரிக்காக்காரர். அங்கே ராணுவ ஆட்சி நடந்தபோது, படையினர் பிடித்துப்போனவர்களின் பெயர்களை ஞாயிறுதோறும் பூசையில் வாசித்தவர். ஜெனரல் ஆளனுப்பி மிரட்டியும் நிறுத்தாமல் சிறைக்குப் போனவர். அப்பேர்ப்பட்ட மனிதரை அடக்கும் பொறுப்பைக் கோயில் கமிட்டி என் தலையில் கட்டியது. நான்தான் செயலாளர்.

இறந்தவர்களை நினைக்கும் மாதமான நவம்பரில் நம் சனம் இறந்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுக்கும். பூட்டனின் தூரத்து மச்சான் வரைக்கும் ஒருவரையும் விடாது. பாதரோ நாக்கு முறுக்கிக்கொண்டாலும் அத்தனையும் வாசிப்பார். பூசை இழுக்கும், வெளியே நிறுத்திய கார்களுக்கு அபராத டிக்கெட் விழும், ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்னை முறைப்பார்கள்.

எங்கள் வீட்டில் வேறு சண்டை. இலங்கையில், ஊரில் வைத்துத் தம்பியை யாரோ வெள்ளை வான் வண்டியில் கடத்திப்போய்ப் பல வருடம். ஒரு தகவலும் இல்லை. "அவன்ரை பேரையும் எழுதுவம் அம்மா" என்பேன்.

"என்ரை பிள்ளையைச் செத்த ஆக்களோடை சேர்க்கவோ? கையை முறிப்பன்!" என்பார் அம்மா. இதனால் அவனுக்கென்று ஒரு செபமும் இல்லாமல் போனது.

கமிட்டி முடிவோடு பாதரிடம் போனபோது அவர் லட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுகர் வருத்தக்காரர், ஆனாலும் பலகாரம் திணிக்கும் எங்கள் பெண்களின் அதிகாரத்தை மட்டும் அவர் எதிர்ப்பதில்லை.

"பாதர், இனிப் பெயர்கள் வேண்டாம். இறந்த எல்லோருக்காகவும் என்று பொதுவாகச் சொன்னால் போதும்" என்றேன் ஆங்கிலத்தில்.

விழுந்து விழுந்து சிரித்தார். "ஜெனரலும் இதைத்தான் சொன்னார். ஆனால் பார்க்கிங்கைக் காரணம் காட்டவில்லை."

மானம் போய்விட்டது. தப்பித்துக்கொள்ள, எங்கள் வீட்டிலும் இந்தப் பெயர்களால் பிரச்சினைதான் என்று தம்பியின் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"இறந்தவர்களை வாசித்ததற்கு யாரும் என்னைச் சிறையில் போடவில்லை. பிடித்துப்போனவர்கள் எங்கே என்று கேட்டதற்குத்தான் போட்டார்கள். உங்கள் தம்பியின் பெயரைத் தனியாக எழுதித் தாருங்கள்" என்றார். அம்மாவுக்குச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் பூசையில் இறந்தவர்களின் பட்டியலை வாசித்து முடித்து மூடி வைத்தார். பிறகு தம்பியின் முழுப்பெயரையும் சொல்லி, "இவர் எங்கே?" என்று கேட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கு நான் தொலைந்தேன் என்றே நினைத்தேன். ஆனால் அவர் எழும்பி, "ஓம், என்ரை பிள்ளை" என்றார் சத்தமாக.

பின்வரிசையில் ஒரு பெண் எழும்பித் தன் மகனின் பெயரைச் சொன்னார். பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். நேரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டியவன் நான். எனக்கோ, தம்பியின் பெயரை இன்னொரு முறை வாசியுங்கள் பாதர் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.