எல்லாம் அழிச்சிடு

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் என் மாடிவீட்டில் குடியிருந்த அமிர்தநாதனைப் பற்றி எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தேங்காய் வியாபாரத்தில் தனியாளாக நின்று வீடுகள் கட்டினேன். யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவன் தங்கமான பையன் என்று சாவியை வாங்க வந்த அன்றே கண்டுகொண்டேன்.

இடுக்கித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்குக் கொடுத்த வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா செபமாலையம்மாள் கொழுந்து கிள்ளிப் படிக்கவைத்தார். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியராகி, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மைக்ரோவேவ் சர்க்யூட் செய்து சோதிக்கும் வேலையில் சேர்ந்தான்.

"சோறு சூடு பண்ற பொட்டிங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"அதே அலைதான்யா. ஆனா இது சோறு ஆக்காது, சேதி கொண்டுபோகும்" என்றான்.

தீப்பெட்டி அளவுதான் பெட்டி, உள்ளே பொன்முலாம். மேலே பொடிப்பொடியாகத் திருகாணிகள். மயிரிழை திருகினாலும் சோதனைக் கருவியின் திரையில் கோடு எகிறிவிடுமாம். கோடு சொன்ன இடத்தில் நிற்கும்வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சரிபார்த்த பிறகுதான் ஆணி அசையாமல் பசை வைப்பார்கள். அதிலேயே கண்ணைக் கெடுத்துக்கொண்டான். அப்படியும் ஒப்பந்த ஆளாகத்தான் வைத்திருந்தார்கள்.

அம்மா ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அவரை இங்கே கூட்டிவந்து கூட வைத்துக்கொள்வதுதான் அவனுடைய ஒரே ஆசை. கையிலிருந்த சரக்கு தேறினால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வாரக்கணக்கில் உட்கார்ந்து எல்லாப் பெட்டிகளையும் திருகி முடித்தான்; பசை வைப்பதுதான் பாக்கி. மறுநாள் சரக்கை வாங்குகிறவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது.

அந்த நேரம் அம்மாவின் போன் வந்தது. லயத்துச் சாவியைக் கேட்டுவிட்டார்கள் என்று அழுதிருக்கிறார். கம்பெனியில் எப்போதும் மலையாளம் பேசுகிறவன், அம்மாவோடு தமிழில் பேசிய அதே வாயோடு பக்கத்து மேசை ஜிபினிடம், "எல்லாம் அழிச்சிடு, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கருவியில் சேர்ந்து கிடந்த பழைய கோடுகளைத்தான் சொன்னான். மலையாளத்தில் அழித்துவிடு என்றால் கழற்றிவிடு. சரியில்லாத பெட்டியைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குவது அங்கே வழக்கம்தான். தமிழ் தெரியாத கோட்டயத்துக்காரன் ஜிபின், பாவம், சொன்னபடி செய்தான். பசை வைக்காத ஆணிகளை ஒன்று விடாமல் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டான்.

திரும்பி வந்தவன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டானாம். உட்கார்ந்து மறுபடி திருகத் தொடங்கினான். வந்தவர்கள் பார்க்கும்போது பாதிகூட முடியவில்லை. சரக்கைத் தள்ளிவிட்டார்கள். யார் கழற்றச் சொன்னது என்று மேனேஜர் கேட்டபோது, "நான்தான் சொன்னேன்" என்றிருக்கிறான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பழியை ஜிபின் தலையில் கட்டிவிட்டு வந்திருப்பேன். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

ஹைதராபாத்தில் ஒரு வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் ஒரு கட்டில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்; தாயை வைத்துக்கொள்ள வழியில்லை. புறப்படும்போது, "அம்மா இங்கன வந்து இருக்கட்டும்யா. அவுங்க போன் வந்த நேரத்துலதான் இப்படி ஆச்சுன்னு மட்டும் தெரிய வேண்டாம்" என்றான்.

பாலக்காடு பஸ் ஸ்டாண்டுக்கு நானே போய் அவன் அம்மாவை அழைத்துவந்தேன். "ஏனுங்கக்கா, உங்க பையன் வேலையப் பாத்துட்டு ஹைதராபாத்துக்காரங்க விடாம கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன். சந்தையில் என் பேச்சை நம்பாதவன் கிடையாது. அவரும் நம்பினார்.

மாடியேறி, துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப நான் யாரு கூட இருக்க வந்தேன்?" என்றார்.

தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும் என்று சொல்லிக் குழாயைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.