பூச்சு காயும் வரை

கடைக்காரர் இரண்டு மலிவான மடக்குக் கத்திகளை விரித்து வைத்தார்; ஒன்று பளபளப்பு, மற்றது கறுப்புப் பூச்சு. "கறுப்ப எடுங்க, களப்பு உப்புத் தண்ணிக்கும் கறள் பிடிக்காது" என்றார். முகர்ந்து பார்த்தேன். கியூட்டெக்ஸ் நகப்பூச்சு மணம்.

முகத்துவாரத்து மணலில், இப்போது தடமே இல்லாத எங்கள் மீன்வாடிக் கொட்டிலில், ஈர வலையும் கருவாடும் மணக்கும் வெயிலில் அப்பாவின் மடக்குக் கத்தி மட்டும் கியூட்டெக்ஸ் மணக்கும். உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கறள் ஏறாதிருக்க அக்கா தன் நகப்பூச்சை அதன் அலகில் சிவக்கச் சிவக்கத் தடவுவாள், அப்பா கயிறு அறுக்க அறுக்க அது செதில் செதிலாக உதிர்ந்து மீனில் ஒட்டும், அவள் சலிக்காமல் மறுபடி தடவுவாள்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த காலையிலும் தடவி, களப்புப் பக்கத்து எங்கள் வீட்டு ஜன்னலில் காயவைத்திருந்தாள்.

"காயட்டும் மகள், வந்து எடுக்கிறன்" என்று அப்பா வெறுங்கையோடு வாடிக்குப் போனார்.

அவரை வலைக்குள் சிக்கியபடிதான் எடுத்தார்கள்.

"கத்தி கையில இருந்திருந்தா அறுத்திருப்பார் தம்பி" என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அந்தத் தண்ணீருக்குக் கத்தி என்ன செய்யும் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அவள் கேட்பதில்லை.

"பூச்சில்லாததத் தாங்க" என்றேன் கடைக்காரரிடம்.

"அது கறள் பிடிக்குமே."

"பிடிக்கட்டும்."